1964 இம்பாலாவில் படகு எஞ்சினை ஏற்றலாமா? பள்ளத்தூரிலிருந்து ஒரு கேள்வி

பள்ளத்தூர் பேரன் எழுதியது:

எங்கள் வீட்டு முகப்பு ஒரு தெருவில், கார் கொட்டகை அதற்கு அடுத்த தெருவில். அந்தக் கொட்டகையில் ஐயாவின் (என் தாத்தாவின்) 1964 செவர்லே இம்பாலா நிற்கிறது. பினாங்கில் தொழில் பார்த்த ஐயா அங்கே வாங்கி, ஊர் திரும்பியபோது கப்பலில் கொண்டுவந்தார். நான்கு கதவு, வலது பக்க ஸ்டீயரிங், ஸ்டீயரிங் தண்டிலேயே மூன்று கியர், பின்னால் பக்கத்துக்கு மூன்றாக ஆறு விளக்குகள். அந்த விளக்குகளைத் துடைப்பதுதான் சின்ன வயதில் எனக்கு ஒதுக்கிய வேலை.

அதில் இருப்பது 230 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், 140 குதிரைத்திறன். 1991-இல் அப்பச்சி (என் அப்பா) திருச்சியிலிருந்து வரும்போது புதுக்கோட்டை தாண்டி ரேடியேட்டர் குழாய் வெடித்தது. கவனிக்காமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டார்கள். ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) வெடித்துவிட்டது. அன்று கயிறு கட்டி இழுத்து வந்து நிறுத்திய வண்டி இன்றுவரை கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை.

இதே மாதிரி வண்டியில் அந்த ஆண்டு 409 கன அங்குல வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர்) எஞ்சினும் கொடுத்தார்கள். நடுத்தர அளவு வண்டியில் 389 கன அங்குல எஞ்சினை இறக்கி போன்டியாக் ஜி.டி.ஓ. வந்ததும் அதே 1964-இல்தான். ஐயாவுக்கு வி8 வாங்க ஆசை இருந்ததாம். பெட்ரோல் செலவை எண்ணி ஆறு சிலிண்டரோடு நிறுத்திக்கொண்டார் என்று அப்பத்தா சொல்வார்கள். அந்த ஆசையை நான் முடித்துவைக்க விரும்புகிறேன்.

409 கிடைக்காது என்று தெரியும். தூத்துக்குடியில் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் 5.7 லிட்டர், அதாவது 350 கன அங்குல செவர்லே படகு எஞ்சின் இருக்கிறது. முன்பணம் கொடுத்திருக்கிறேன், மீதி இன்னும் கொடுக்கவில்லை. கொட்டகையில் பர்மா தேக்கு உத்தரம் இருப்பதால் அதில் செயின் புளாக் மாட்டி எஞ்சினைத் தூக்கிவிடலாம் என்று நினைக்கிறேன். இந்த எஞ்சின் இந்த வண்டிக்குப் பொருந்துமா? எதையெல்லாம் முதலில் பார்க்க வேண்டும்?

தேவகோட்டை வக்கீல் எழுதியது:

எஞ்சின் விஷயம் தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். நான் ஆர்.சி. புத்தகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை வந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிக்கு 'வி.ஏ.' எழுத்து கொண்ட எண் தருவார்கள். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. வி8 ஏற்றினால் அந்த வாய்ப்பு போய்விடும். வி.ஏ. எண் வாங்கினாலும் அன்றாடப் பயணத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம்.

சாதாரணப் பதிவிலேயே வைத்துக்கொண்டு எஞ்சினை மாற்றுவதென்றால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமான அனுமதி வாங்காமல் பழைய எஞ்சினின் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள். கிடங்கிலிருந்து எஞ்சின் எண்ணோடு முறையான ரசீதும் கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாத எஞ்சினை எந்த அதிகாரியும் புத்தகத்தில் ஏற்ற மாட்டார்.

லேத் பட்டறை, காரைக்குடி எழுதியது:

தம்பி, மீதிப் பணத்தை நிறுத்தி வையுங்கள். முதலில் ஒரு கேள்வி: அந்த எஞ்சின் தனியாக இருக்கிறதா, பக்கத்தில் அதற்குச் சோடி இருக்கிறதா?

தூத்துக்குடிச் சங்கில் இடம்புரி, வலம்புரி இருப்பதுபோல் படகு எஞ்சினிலும் உண்டு. இரண்டு எஞ்சின் பூட்டிய படகுகள் பலவற்றில் இரண்டு விசிறிகளும் எதிரெதிராகச் சுற்றுவதற்காக ஒரு எஞ்சினைத் தலைகீழ்த் திசையில் ஓடும்படி செய்திருப்பார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். திசை மாறியதைக் காரில் போட்டால் ஒரு முன் கியரும் மூன்று பின் கியரும்தான் கிடைக்கும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றுங்கள். வண்டியில் உட்கார்ந்தவருக்கு இடது கை வரும் பக்கத்து ராக்கர் மூடியையும் கழற்றுங்கள். அந்த வரிசையின் முன் சிலிண்டர்தான் 1-ஆம் எண். அதில் முதலில் இருப்பது எக்ஸாஸ்ட் வால்வு (புகையை வெளியேற்றுவது), அடுத்தது இன்டேக் வால்வு (காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவது). எஞ்சினுக்கு முன்னால் நின்று கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் மாட்டி வலஞ்சுழியாகச் சுற்றுங்கள். எக்ஸாஸ்ட் திறந்து மூடி, அது மூடும்போதே இன்டேக் திறந்தால் அது கார் திசை. இன்டேக் முதலில் வேலையை முடித்து, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு எக்ஸாஸ்ட் திறந்தால் தலைகீழ் எஞ்சின். அதற்கு கேம் ஷாஃப்ட், பின் ஆயில் சீல், ஸ்டார்ட்டர் எல்லாம் மாற்ற வேண்டும். அந்தச் செலவுக்கு வேறு எஞ்சினே வாங்கிவிடலாம்.

அடுத்து கிராங்கின் பின்பக்கத்தைப் பாருங்கள். 1986-க்கு முந்தைய 350-இல் பின் சீல் இரண்டு துண்டு, ஃப்ளைவீல் போல்ட் வட்டம் 3.58 அங்குலம். அதற்குப் பிந்தையதில் சீல் ஒரே வளையம், வட்டம் 3 அங்குலம், ஃப்ளைவீலிலேயே எடைச் சமன் கட்டை இருக்கும். ஒன்றின் ஃப்ளைவீல் மற்றதற்கு ஆகாது. உங்களுக்கு நல்ல செய்தியும் உண்டு. உங்கள் 230 எஞ்சினும் இந்த வி8-உம் கியர்பாக்ஸ் பக்கம் ஒரே போல்ட் அமைப்பு கொண்டவை. பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) ஏறிவிடும். எஞ்சின் மவுண்ட் வேறு. வலது பக்க ஸ்டீயரிங் என்பதால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டீயரிங் பெட்டியில் இடிக்கிறதா என்று அட்டையில் வெட்டி வைத்துப் பாருங்கள். படகில் வந்த மேனிஃபோல்டு தண்ணீர் ஓடும் இரட்டைச் சுவர் கொண்டது, காருக்கு உதவாது.

எஞ்சின் கட்டும் வேலையில் என் பட்டறை வழக்கத்தைச் சொல்கிறேன். இதன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 4 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 3.48. பெரும்பாலும் 30 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போரிங் செய்தால் தேய்மானம் போய்விடும், ஆனால் உப்புத் தண்ணீர் ஓடிய பிளாக்கில் (சிலிண்டர்கள் இருக்கும் வார்ப்பில்) சுவர் எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் போரிங் கத்தியை இறக்க மாட்டேன். திருச்சியில் பாய்லர் வேலை செய்யும் இடங்களில் அல்ட்ராசானிக் தடிமன் மானி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் நான்கு திசையில், மூன்று உயரத்தில் அளக்கச் சொல்லுங்கள். மேல் ரிங் இடைவெளி போரின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 4 தவ், ஆக 16. மெயின் பேரிங் இடைவெளி 2 முதல் இரண்டரை தவ். ஹெட்டுக்கு 17 போல்ட், மூன்று சுற்றாக 65 அடி-பவுண்டு வரை முறுக்குங்கள். இந்த எஞ்சினில் ஹெட் போல்ட் துளைகள் தண்ணீர் ஜாக்கெட்டுக்குள் திறக்கும். போல்ட் மரையில் சீலன்ட் பூசாவிட்டால் முதல் வாரமே தண்ணீர் கசிந்து ஏறும். இதை மறந்தவர்களின் ஹெட்டை இரண்டாம் முறை கழற்றி மாட்டியே பாதி நாள் போயிருக்கிறது எனக்கு.

தட்டை டேப்பெட் கேம் (வால்வைத் தள்ளும் டேப்பெட்டில் உருளை இல்லாத வகை) என்றால் முதல் ஓட்டத்தில் ஐடிலில் விடக் கூடாது. துத்தநாகம் சேர்ந்த எண்ணெய் ஊற்றி, 2,000 சுற்றுக்கு மேலே வைத்து 20 நிமிடம் ஓட்ட வேண்டும். ஃபயரிங் வரிசை 1-8-4-3-6-5-7-2. கம்ப்ரஷன் 9-க்கு 1-ஐத் தாண்ட வேண்டாம், நம் பங்க்குகளில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலில் தட்டாமல் ஓடும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வருகிறது. பழைய ரப்பர் குழாய், பம்ப் டயாஃப்ரம் எதையும் விட்டுவைக்காதீர்கள். படகு தெர்மோஸ்டாட்டை எறிந்துவிட்டு 82 டிகிரியில் திறப்பதைப் போடுங்கள்.

பிரேக்: நான்கும் டிரம், மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை. ஒரு குழாய் போனால் நான்கும் போகும். இரட்டை அறை போட்ட பிறகுதான் எஞ்சினைப் பற்றிப் பேச வேண்டும்.

இப்போது உத்தரம். எண்பதுகளின் கடைசியில் ஒரு வீட்டில் டாட்ஜ் எஞ்சினை இப்படித்தான் தேக்கு உத்தரத்தில் தொங்கவிட்டோம். தேக்கு இம்மிகூட வளையவில்லை. ஆனால் உத்தரம் உட்கார்ந்திருந்த சுண்ணாம்புக் காரைச் சுவர் நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொரிந்தது. எஞ்சின் ஓரடி இறங்கி ஆயில் சம்ப் நசுங்கியது. கீழே கை வைத்திருந்த பையன் ஒரு நொடி முன்னால் எடுத்துவிட்டான். அந்த ஒரு நொடியை நினைத்தால் இன்றும் எனக்கு உள்ளங்கை வேர்க்கும். இந்த வி8 முழுதாக 260 கிலோ வரும். தரையில் நிற்கும் முக்காலியோ சக்கரம் வைத்த ஹாய்ஸ்ட்டோ வாடகைக்கு எடுங்கள். நூறு வருட வீட்டின் சுவருக்கு அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. உங்கள் ஆறு சிலிண்டர் செத்துவிட்டது என்று யார் சொன்னது? ஹெட் வெடிப்பைத் தையல் ஊசி போட்டுச் சேர்க்கும் முறை உண்டு: வெடிப்பு நெடுகத் துளையிட்டு, மரை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஊசிகளை முறுக்கி அடைப்பது. சூடு காட்டாமல் செய்வதால் வார்ப்பிரும்பு மேற்கொண்டு வெடிக்காது. ஏழு மெயின் பேரிங் கொண்ட நல்ல எஞ்சின் அது.

பள்ளத்தூர் பேரன் எழுதியது:

அண்ணன், சனிக்கிழமை தூத்துக்குடி போய் வந்தேன். நீங்கள் கேட்டது சரியாகப் போயிற்று. தார்ப்பாய்க்கு அடியில் சோடி இருந்தது. நான் முன்பணம் கொடுத்ததைச் சுற்றிப் பார்த்தோம், இன்டேக்தான் முதலில் திறந்தது. நான்கு முறை சுற்றினோம், நான்கு முறையும் அதேதான்.

மற்றது கார் திசை. அதன் பின் சீல் இரண்டு துண்டு. ஆனால் அதில் ஒரு சிலிண்டரில் துரு பிடித்துப் பிஸ்டன் இறுகியிருந்தது. டீசல் ஊற்றி ஒரு மணி நேரம் காத்திருந்த பிறகுதான் அசைந்தது. கோர் பிளக் (பிளாக்கின் தண்ணீர் அறைத் துளையை அடைக்கும் மூடி) ஒன்றைக் கழற்றினால் உள்ளே செம்மண்ணைக் குழைத்து அப்பியதுபோல் துரு. முன்பணத்தை இதற்கு மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார்கள். பிளாக் சுவர் தேறாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாக ரசீதிலேயே எழுதி வாங்கிவிட்டேன். இந்தத் துருவை எப்படி எடுப்பது?

அரிமான ஆய்வகத்தில் இருந்தவன் எழுதியது:

காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) பல வருடம் துருவோடு வேலை செய்தவன் என்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன்.

அமிலம் ஊற்றாதீர்கள். துருவைத் தின்றதும் நல்ல இரும்பையும் தின்னத் தொடங்கும், மெலிந்த சுவரை இன்னும் மெலியவைக்கும். மின்பகுப்புதான் வழி. பிளாக்கை முழுக்கப் பிரித்து, பேரிங், அலுமினிய பாகம் எதுவும் இல்லாமல் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் இறக்குங்கள். 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் எதிர்முனை பிளாக்குக்கு, நேர்முனை சாதாரண இரும்புத் தகட்டுக்கு. நேர்முனையில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடவே கூடாது. அதிலிருந்து கரையும் குரோமியம் நஞ்சு.

மின்சாரம் தகட்டுக்கு எதிரே தெரியும் பரப்பில்தான் நன்றாக வேலை செய்யும். தண்ணீர் ஜாக்கெட் உள்ளே இருப்பதால், கோர் பிளக் துளைகள் வழியாக இரும்புக் கம்பிகளை ரப்பர் வளையம் மாட்டி, பிளாக்கைத் தொடாமல் நுழைக்க வேண்டும். தொட்டால் ஷார்ட் ஆகும். ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் பூட்டிய கொட்டகையில் செய்யாதீர்கள். வளவில் திறந்த முற்றம் இருக்கிறதே, அங்கே செய்யுங்கள். ஆத்தங்குடிக் கல் மேல் மட்டும் தொட்டியை வைக்க வேண்டாம், துருத் தண்ணீர் கறை போகாது.

முடிந்ததும் உப்பை வெளியேற்றுவதுதான் முக்கியம். துருவுக்கு அடியில் குளோரைடு ஒளிந்திருக்கும். போர்வெல் தண்ணீரில் கழுவினால் ஒரு உப்பு போய் இன்னொரு உப்பு வரும். மழைத் தண்ணீர் பிடித்து வைக்கும் அண்டா உங்கள் வீட்டில் இருக்கும், அதில் மூன்று நான்கு முறை அலசுங்கள். காய்ந்த கையோடு எண்ணெய் தடவாவிட்டால் அரை மணி நேரத்தில் மறுபடி சிவக்கும். இதையெல்லாம் முடித்த பிறகே தடிமன் அளக்கக் கொண்டுபோங்கள். துருவோடு அளந்தால் வரும் எண்ணை நம்ப முடியாது.

லேத் பட்டறை, காரைக்குடி எழுதியது:

அவர் சொன்ன வரிசையே சரி. தடிமன் எண்கள் கைக்கு வந்ததும் இங்கே எழுதுங்கள், 30 தவ் தாங்குமா, ஸ்லீவ் (சிலிண்டருக்குள் இறக்கும் புது உறை) போட வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

வக்கீல் சொன்ன அனுமதி கிடைத்து ஆறு சிலிண்டரை இறக்கும் நாள் வந்தால் என்னைக் கூப்பிடுங்கள், கூலி வேண்டாம். மவுண்ட் மாற்றும்போது சேசிஸில் எதையும் அறுக்கவோ வெல்டிங் வைக்கவோ விடாதீர்கள். அந்த வண்டிக்கு எக்ஸ் வடிவச் சட்டம், கதவுகளுக்கு அடியில் தாங்கும் சட்டமே கிடையாது, எல்லாப் பாரமும் நடுவில்தான். போல்ட் போட்டது போல்ட்டாலேயே கழல வேண்டும். அப்போதுதான் என்றைக்காவது ஐயாவின் எஞ்சினைத் திரும்ப ஏற்ற முடியும்.

அதைச் சாக்கு போட்டு மூடாதீர்கள், சாக்கு ஈரம் இழுக்கும். ஒவ்வொரு பிளக் துளையிலும் இரண்டு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு, கையால் சுற்றி, பிளக்குகளைத் திரும்ப மாட்டி, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் மரக்கட்டை மேல் வையுங்கள்.