கலைச்சொல் வேண்டும்: லைஃப் சிமுலேஷன் விளையாட்டு

வணக்கம். எங்கள் குடியிருப்பின் தமிழ் வகுப்பு மலருக்கு ஒரு மாணவி அனிமல் கிராசிங் என்ற வீடியோ விளையாட்டைப் பற்றி எழுதியிருக்கிறாள். கரடி, பூனை, அணில் எல்லாம் குடியிருக்கும் ஊர். மனிதர் என்றால் விளையாடுகிறவர் மட்டும்தான். வீடு கட்டலாம், மீன் பிடிக்கலாம், வெற்றி தோல்வி கிடையாது. பெயரை அப்படியே விட்டுவிட்டேன். 'விலங்குகள் கடக்கும் இடம்' என்று போட்டால் பந்திப்பூர் சாலைப் பலகை ஆகிவிடும். இந்த வகைக்குத்தான் சொல் வேண்டும். 'வாழ்க்கை உருவகப்படுத்தல் விளையாட்டு' என்றதும் வகுப்பே சிரித்தது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.
– ஒயிட்ஃபீல்டு

சிரிக்கத்தான் வேண்டும். உருவகம் அணி. முகத்தைத் தாமரையாகவே ஆக்கிவிடும். சிமுலேஷனோ 'போல'வை விடாது. நம்மிடம் சிற்றில் இருக்கிறதே! மணல் வீடு, சிறுசோறு. ஆண்பால் பிள்ளைத்தமிழில் அது தனிப் பருவம். 'சிற்றிலாட்டு' என்று வையுங்கள் அம்மா.
– அல்சூர்

ஐயா, அந்தப் பருவத்துப் பிள்ளையின் வேலையே சிற்றிலைச் சிதைப்பதுதான். இந்த விளையாட்டிலோ டாம் நூக் என்ற கடைக்காரர் கடனுக்கு வீடு கட்டித் தருகிறார். வட்டியும் இல்லை, கெடுவும் இல்லை. (பெங்களூரில் அப்படி யாராவது இருந்தால் எனக்குச் சொல்லவும்.) 'சொப்பு விளையாட்டு' போதாதா? யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.
– பனசங்கரி

சொப்பு கொச்சை, தம்பி. செம்மை, செம்பு, செப்பு என்று வந்தது. அப்படியும் இன்றைய சொப்பில் செம்பு எங்கே? கர்நாடகத்துச் சென்னபட்டணாவின் சொப்பு கன்னடர் சொல்லும் ஆலெ மரம், அதாவது நம் வெட்பாலை. சங்கப் பாலைத்திணைக்கும் இந்தப் பாலைக்கும்...
– அல்சூர்

பாலையை அப்புறம் பார்ப்போம். கட்டுரையில் டாம் நூக்கை 'மரநாய்' என்று எழுதியிருந்தால் திருத்துங்கள். ஜப்பானிய மூலத்தில் அவர் தனுக்கி, நாய்க் குடும்பம். மரநாய் புனுகுப்பூனையின் உறவு. விளையாட்டில் வாங்கி விற்கும் டர்னிப்பை நூல்கோல் ஆக்கவேண்டாம். நூல்கோல் தண்டு, டர்னிப் வேர். ஞாயிறு காலை வாங்கி அடுத்த ஞாயிறுக்குள் விற்காவிட்டால் அழுகிவிடும் அந்த டர்னிப்பில் ஒரு சிலேடை உண்டு: ஜப்பானியத்தில் 'கபு' என்றால் டர்னிப்பும்தான், கம்பெனிப் பங்கும்தான். 'பங்குக்கிழங்கு' எனலாமா?
– ஜெயநகர்

பங்குக்கிழங்கு பிரமாதம். ஆனால் சொப்பு என்றால் சமையல் பாத்திரம் மட்டும்தானே நினைவுக்கு வருகிறது? ஊர், அக்கம்பக்கம், பருவகாலம் எல்லாம் அதில் அடங்குமா? 'சொப்பூர் விளையாட்டு' என்றால்?
– ஒயிட்ஃபீல்டு

சொப்பூர் ஏதோ ரயில் நிலையம் மாதிரி இருக்கிறது. வெறும் சொப்பே போதும்.
– பனசங்கரி

எனக்கும் சொப்பு சரி. தூக்கம் வருகிறது.
– ஜெயநகர்

சரி, மலரில் 'சொப்பு விளையாட்டு' என்றே போகிறது. எல்லோருக்கும் நன்றி.
– ஒயிட்ஃபீல்டு

மலரில் போடுங்கள், தடுக்கவில்லை. நம் சொற்பட்டியலில் 'சிற்றிலாட்டு' என்றுதான் பதிவேன். 'செப்பு' என்று திருத்தினால் மட்டும் மறுபரிசீலனை.
– அல்சூர்