வாடகை வரும் வீடா, காலி மனையா? இரண்டு மாதமாகக் குழப்பம்

ஆற்றோரம்:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு மாதமாக இதே பேச்சுதான், முடிவுக்கு வர முடியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். குடியிருக்கச் சொந்த வீடு இருக்கிறது, அதன் கடனும் தீர்ந்துவிட்டது. பல வருடச் சேமிப்பு கையில் இருக்கிறது, அதை எதில் போடுவது என்பதுதான் கேள்வி.

ஒன்று, அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை வீடு. கட்டி 14 வருடம் ஆகிறது. ஆள் குடியிருக்கிறார்கள், வருட வாடகை வீட்டு விலையில் 4 சதவீதம். ஆனால் விலையில் 60 சதவீதத்துக்குக் கடன் வாங்க வேண்டும், 9 சதவீத வட்டி, 20 வருடத் தவணை. இன்னொன்று ஊருக்கு வெளியே ஒரு காலி மனை. கைப்பணத்துக்குள் அடங்கிவிடும், கடன் தேவையில்லை.

மனைவி வீடுதான் என்கிறாள். மாதாமாதம் காசு வரும், பாதிக் கடனை வாடகையே அடைத்துவிடும் என்பது அவள் கணக்கு. எனக்கு மனசு மனைப் பக்கம். வீடு தேயும், மண் தேயாது என்று அப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். மகளுக்கு ஒன்பது வயது, இன்னும் 9 வருடத்தில் அவள் கல்லூரிப் படிப்புக்கு இதிலிருந்து ஒரு பகுதி வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டில் எதையாவது வாங்கி அனுபவப்பட்டவர்கள் மனம்விட்டுச் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கணக்குநோட்டு:

முதலில் வாடகைக் கணக்கைப் பார்த்துவிடுவோம், பெரும்பாலோர் ஏமாறுவது அங்கேதான். வீட்டு விலையை 100 என்று வையுங்கள். வாடகை 4. வருடத்தில் ஒரு மாதம் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தால் 3.67. பராமரிப்பு, வரி, காப்பீடு, வெள்ளையடிப்பு, குழாய் வேலை எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1 போகும் என்று வைத்தால் (14 வருடக் கட்டடத்துக்கு இதுவே குறைச்சல்) கையில் நிற்பது 2.67. நீங்கள் வாங்கப்போகும் 60-க்கு வருடத் தவணை ஏறக்குறைய 6.5. மீதி 3.8 வருடா வருடம் உங்கள் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும், அதுவும் 20 வருடத்துக்கு. வாடகை ஏற ஏற இந்தப் பள்ளம் குறையும், உண்மைதான், ஆனால் முதல் சில வருடங்களைத் தாங்க முடியுமா என்று இப்போதே பாருங்கள்.

அடுத்தது பலரும் கவனிக்காதது. இந்த வட்டியில் முதல் தவணையில் ஆறில் ஐந்து பங்கு வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது ஒரே ஒரு பங்கு. ஒன்பது வருடம் விடாமல் கட்டிய பிறகும் கடனில் 75 சதவீதம் அப்படியே நிற்கும். உங்கள் மகள் கல்லூரியில் சேரும் வருடம் அது. கடைசித் தவணை வரை போனால் வாங்கியதைப் போல 2.16 மடங்கு கட்டியிருப்பீர்கள்.

கடன் வாங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. விலை ஏற்றமும் கையில் நிற்கும் வாடகையும் சேர்ந்து 9 சதவீதத்தைத் தாண்டினால் கடன் உங்களுக்காக வேலை செய்கிறது. அதாவது வீட்டின் விலை வருடா வருடம் 6.3 சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும். தாண்டாவிட்டால் நீங்கள் கடனுக்காக வேலை செய்கிறீர்கள். விலை 10 சதவீதம் இறங்கினால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள், உங்கள் சொந்தப் பணம் 40-தானே, அதில் கால்வாசி காணாமல் போயிருக்கும்.

மூலைக்கல்:

நண்பரே, நான் மனை வாங்கியவன், அதனால் மனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மண் தேயாது என்று உங்கள் அப்பா சொன்னது சரிதான், ஆனால் எல்லை தேயும். வாங்கி வேலி போடாமல் விட்டேன். ஆறு வருடம் கழித்துப் போனால் பக்கத்து மனைக்காரர் சுற்றுச்சுவர் என் பக்கம் ஒன்றரை அடி உள்ளே வந்திருந்தது. மூலைக்கல் ஒன்றைக் காணவே இல்லை. அளவையாளரை வைத்து அளந்து, பேசி, சண்டை போட்டு, ஒரு வருடத்துக்கு மேல் தூக்கம் போனது. பிறர் நிலத்தில் ஒருவர் நீண்ட காலம் தடையில்லாமல் இருந்துவிட்டால் அவருக்கே உரிமை போகும் வழி பல நாடுகளின் சட்டத்தில் இருக்கிறது. காலி இடத்தை வருடத்துக்கு இரண்டு முறையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும், தேதியோடு படம் எடுத்து வைக்க வேண்டும்.

பாதை விஷயத்தை இன்னும் அழுத்திச் சொல்கிறேன். வரைபடத்தில் அகலமான சாலை போட்டிருக்கும், அது பொதுப் பாதையா, இன்னொருவர் நிலத்தின் வழியாகப் போவதா என்று பத்திரத்தில் பார்க்க வேண்டும். பாதை உரிமை இல்லாத மனை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வில்லங்கம் பார்ப்பது (நிலத்தின் மேல் கடன், அடமானம் ஏதும் இருக்கிறதா என்று), அந்த நிலம் குடியிருப்புக்கு அனுமதிக்கப்பட்டதா என்று பார்ப்பது, மேலே உயர் மின்னழுத்தக் கம்பி போகிறதா என்பதெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது, நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்பதை எந்தத் தரகரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்.

விலை ஏற்றக் கதைகளை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். பதினைந்து வருடத்தில் மூன்று மடங்கு ஆயிற்று என்றால் கேட்க மலைப்பாக இருக்கும், கணக்குப் போட்டால் வருடத்துக்கு 7.6 சதவீதம்தான். பத்து வருடத்தில் இரட்டிப்பு என்றால் 7.2. நடுவில் ஒரு காசு வரும்படி கிடையாது, வரியும் வேலிச் செலவும் வேறு. நான் விற்க நினைத்தபோது சரியான ஆள் கிடைக்க 14 மாதம் ஆனது. அவசரம் என்று தெரிந்தால் கேட்கிற விலையே வேறு.

மாடித்தோட்டம்:

தம்பி, உங்கள் மனைவி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்களுக்கு வாடகை வீடு ஒன்று உண்டு, கடன் இல்லாமல் வாங்கியது. என் கணவருக்கு எட்டு மாதம் வேலை இல்லாமல் போனபோது அந்த வாடகைதான் சமையலறையை நடத்தியது. மனை இருந்திருந்தால் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மாத வரும்படியின் அருமை கஷ்டம் வந்தால்தான் தெரியும்.

ஆனால் நீங்கள் பார்க்கும் அந்த வீட்டைப் பற்றி எனக்குக் கவலைதான். அடுக்குமாடியில் விலை ஏறுவது உங்கள் பங்குக்கு வரும் நிலம்தான், கட்டடம் வருடா வருடம் இறங்கும். கொடுக்கும் விலையில் நிலத்தின் பங்கு 40, கட்டடம் 60 என்று வையுங்கள். நிலம் 8 சதவீதம் ஏறி, கட்டடம் 2 சதவீதம் இறங்கினால் அந்த வருடம் மொத்தத்தில் ஏறுவது 2 சதவீதம்தான். அதனால் பிரிக்கப்படாத பாகம், அதாவது மொத்த நிலத்தில் உங்கள் வீட்டுக்குச் சேரும் பங்கு, எத்தனை சதுர அடி என்று பத்திரத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். மாடி குறைவாக, வீடுகள் குறைவாக இருக்கும் கட்டடத்தில் இந்தப் பங்கு பொதுவாக அதிகம்.

அப்புறம் 14 வருடம் என்றால் மொட்டை மாடியின் நீர்க்கசிவுத் தடுப்பு, கழிவுநீர்க் குழாய், லிஃப்ட் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் செலவு கேட்கும் வயது. குடியிருப்போர் சங்கத்தின் கையிருப்பு எவ்வளவு, கடைசியாகப் பெரிய பழுதுவேலை எப்போது நடந்தது, பராமரிப்புத் தொகை பாக்கி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், இந்த மூன்றையும் கேளுங்கள். கையிருப்பு இல்லாவிட்டால் நீங்கள் வாங்கிய ஆறாவது மாதமே தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கேட்பார்கள். இப்போது குடியிருப்பவரிடமும் ஐந்து நிமிடம் தனியாகப் பேசுங்கள், மழைக்காலத்தில் எந்தச் சுவர் ஊறும் என்று அவருக்குத்தான் தெரியும்.

ஆற்றோரம்:

நேரம் ஒதுக்கி இவ்வளவு எழுதியதற்கு மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 75 சதவீதக் கணக்கை மனைவியிடம் காட்டினேன், அவளே நோட்டில் போட்டுப் பார்த்துவிட்டு, இவ்வளவு கடனில் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அக்கா சொன்ன பாகத்தையும் கேட்டுவிட்டேன். எட்டு மாடிக் கட்டடம், எங்கள் பங்குக்கு வருவது ரொம்பச் சின்ன துண்டு. அந்த வீடு வேண்டாம் என்று முடிவு. இப்போது மனையை வாங்கலாமா, இல்லை கடன் குறைவாக, தனி நிலத்தோடு பழைய சின்ன வீடு ஏதாவது கிடைக்குமா என்று இன்னும் கொஞ்ச நாள் தேடலாமா என்று யோசிக்கிறோம்.

கணக்குநோட்டு:

தேடுங்கள், அவசரமே இல்லை. தரையோடு வரும் பழைய வீட்டில் வாடகையும் வரும், நிலமும் முழுதாக உங்களுடையது, கிடைத்தால் நல்லதுதான். எதை வாங்கினாலும் மகளின் படிப்புக்கு வேண்டிய தொகையை முதலில் தனியாக எடுத்து வங்கி வைப்புத்தொகையாகப் போட்டுவிடுங்கள், மீதிக்குள் என்ன அடங்குகிறதோ அதைப் பாருங்கள். மனையில் ஒரு மூலையை மட்டும் விற்று முதல் வருடக் கட்டணம் கட்ட முடியாது.

மூலைக்கல்:

இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மனையே முடிவானால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அளவையாளரைக் கூட்டிப் போங்கள், விற்பவரும் பக்கத்து மனைக்காரர்களும் கூட இருக்கும்போது அளக்கச் சொல்லுங்கள். அதற்கு விற்பவர் தயங்கினால் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.