'ஹோம்' என்ற சொல்லுக்கு இயைபு வேண்டும்

கேள்வி:
ஆறாவது படிக்கும் என் மகள் பாட்டி வீட்டைப் பற்றி ஆங்கிலத்தில் எட்டு வரி எழுதுகிறாள். முதல் வரி 'ஹோம்' (home) என்று முடிகிறது. அடுத்ததற்கு 'சம்' (some), 'கம்' (come) போட்டாள். எழுத்தில் ஒத்துப்போகிறது, வாசித்தால் இடிக்கிறது. வேறு என்ன சொல்லலாம்?

பதில் 1:
எழுத்தைப் பார்க்காதீர்கள், காதால் கேளுங்கள். அலைவதற்கு 'ரோம்', நுரைக்கு 'ஃபோம்', கும்மட்டத்துக்கு 'டோம்'. சீப்பைக் குறிக்கும் சொல்லும் கச்சிதம்; கடைசி 'பி' ஒலிக்காது, 'கோம்' என்றுதான் வரும்.

பதில் 2:
முழு இயைபே வேண்டுமென்பதில்லை. 'ஸ்டோன்', 'அலோன்' கூடப் பொருந்தும். 'ம்', 'ன்' இரண்டும் மெல்லினம், மூக்கு வழியே வருபவை. நடுவிலுள்ள 'ஓ' மட்டும் மாறக்கூடாது. 'சம்' இடித்ததே அதனால்தான். எனக்கு இந்த அரைகுறைப் பொருத்தம்தான் அதிகம் பிடிக்கும்; பாட்டு செயற்கையாகத் தெரியாது.

கேட்டவர்:
ரொம்ப நன்றி! 'ஸ்டோன்' எடுத்துக்கொண்டாள். பாட்டி வீட்டு வாசலில் துணி துவைக்கும் கல் ஒன்று உண்டு, நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும். இரண்டாம் வரியில் அது வந்துவிட்டது.