நம்ம ஆட்சியில நம்மாளுங்களையே திட்ட வேண்டியதா இருக்கு, யாருகிட்ட போய் சொல்றது?

ஒரகடம்_மூர்த்தி:

மொதல்லயே சொல்லிடறேன், நான் பரம்பரை திமுக. எங்கப்பா 89 எலக்சன்ல இருந்து பூத்துல உக்காந்தவரு, 2021ல ஜெயிச்சப்ப எங்க தெருவுல வெடி வாங்கிப் போட்டது நான்தான். அதனால சங்கி, அடிமைன்னு எவனும் கிளம்பி வராதீங்க.

விஷயம் என்னன்னா என் தம்பி இங்க ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனில கான்ட்ராக்ட்ல இருக்கான், பேரு வேணாம். காலைல 4:40க்கு பிள்ளையார் கோயில்கிட்ட வேன் வரும், மத்தியானம் 2 மணிக்கு ஷிப்ட் முடியணும், ஆனா வாரத்துல மூணு நாளு "அடுத்த ஷிப்ட்டுக்கு ஆள் வரல, நின்னுட்டுப் போ"ன்னு சாயங்காலம் 6 மணி வரைக்கும் நிக்க வச்சிடறாங்க. ஓவர்டைமுக்கு சட்டப்படி டபுள் சம்பளம், இவன் ஸ்லிப்புல சிங்கிளா கூட ஒழுங்கா ஏறாது. பெர்மனென்ட் ஆளுக்கு கழுத்துல ஐடி கார்டுக்கு நீலக் கயிறு, இவனுக்கு மஞ்சக் கயிறு, கேன்டீன்ல மஞ்சக் கயித்துக்கு லைனே தனி.

சரின்னு நம்ம கட்சிக்காரர் ஒருத்தர்கிட்ட போனேன், ஒன்றியத்துல பொறுப்புல இருக்காரு, அப்பாவுக்கு ரொம்ப வேண்டியவரு, மாமான்னுதான் கூப்புடுவேன். டீ சொன்னாரு, பொறுமையா கேட்டாரு, கேட்டுட்டு "டேய் அங்க ஆளு அனுப்புறதே நம்ம மச்சான்தான்டா, நீ ஏன்டா இதப் போட்டு கிளறுற"ன்னாரு. டீ தொண்டைல இறங்கல. அந்த வேனும் அவங்களுதுதான். 2021 வரைக்கும் அதிமுக ஆளு ஒருத்தர் ஓட்டுனாரு, ஆட்சி மாறினதும் இவங்க கைக்கு வந்துச்சு, முன்னாடி கண்ணாடில ஒட்டியிருந்த அம்மா படத்த சொரண்டி எடுத்த தடம் கூட இன்னும் போகல.

ஓட்ட மாத்திப் போட மனசு வரல. போடாம விட்டா எவன் வருவான்னும் தெரியும். நம்ம கட்சி நம்ம பேச்சக் கேக்கணும்னா தொண்டன் என்னதான் செய்யணும்? சீரியஸாதான் கேக்குறேன்.

இலை_குமரன்:

என்ன ப்ரோ, இந்த மாசம் 200 ரூவா வரலயா? 12 மணி நேர வேலைன்னு சட்டம் போட்டதே உங்க ஆட்சிதான, உங்க தம்பிய 6 மணி வரைக்கும் நிக்க வச்சா மட்டும் கசக்குதா. செய்யாறு மேல்மாவுல சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் தரமாட்டேன்னு சொன்ன விவசாயி 7 பேர் மேல குண்டர் சட்டம் போட்டது யாரு? பரந்தூர் ஏர்போர்ட்டுக்காக ஏகனாபுரத்துக்காரங்க 2022ல இருந்து தெருவுல உக்காந்திருக்காங்க, ஒங்க மந்திரி எத்தன பேரு போய்ப் பாத்தாங்க? எதிர்க்கட்சியா இருந்தா விவசாயி, ஆளுங்கட்சியானா முதலீட்டாளர் மாநாடு.

ஒரகடம்_மூர்த்தி:

காசு வாங்கிட்டு எழுதறவன்ங்கிற அந்த 200 ரூவா ஜோக்க மாத்துங்கப்பா, புளிச்சுப் போச்சு. நீங்க சொன்ன ரெண்டும் தப்புதான், ஒத்துக்கறேன், அதுக்குத்தான இந்த போஸ்ட்டே. ஆனா 2018 மே 22 தூத்துக்குடில ஸ்டெர்லைட்ட மூடுன்னு போன ஜனத்துல 13 பேர சுட்டப்ப முதல்வர் யாரு? "டிவியப் பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்"னு சொன்னது யாரு? அத மறந்துட்டு விவசாயின்னு ஆரம்பிக்காதீங்க.

செங்கொடி_சுந்தர்:

ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க தோழர்களே. மூர்த்தி கேட்டதுக்கு பதில் அந்த 12 மணி நேர சட்டத்துலயே இருக்கு. 2023 ஏப்ரல் 21, கூட்டத்தொடரோட கடைசி நாள், தொழிற்சாலைகள் சட்டத்துல 65ஏ-ன்னு ஒரு பிரிவ சொருகி குரல் வாக்கெடுப்புல நிறைவேத்துனாங்க. எந்த ஆலைக்கு வேணா வேலை நேரக் கட்டுப்பாட்டுல இருந்து அரசே விலக்கு குடுக்கலாம், அதான் சாரம். வாரத்துக்கு 48 மணி நேரம்தான், விருப்பப்பட்டவங்களுக்கு மட்டும்தான்னாங்க. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஏது விருப்பம், உங்க தம்பியக் கேளுங்க சொல்லுவாரு. கம்யூனிஸ்ட்டுங்க, விசிக, காங்கிரஸ் எல்லாம் வெளிநடப்பு, அத்தனையும் கூட்டணிக் கட்சி. திமுகவோட சொந்த சங்கமான தொமுசவே எதிர்த்துச்சு. 24ம் தேதி நிறுத்தி வச்சாங்க, மே 1 சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவுல நின்னுக்கிட்டு முதல்வரே வாபஸ்னு சொன்னாரு. சிங்காரவேலர் இதே சென்னைல மொத மே தினம் கொண்டாடுனது 1923, சரியா நூறாவது வருஷம்! அன்னைக்கு அந்தப் பூங்காவுல வேற எதச் சொல்லியிருக்க முடியும்?

பத்தே நாள்ல திரும்பினதுக்குக் காரணம் எதிர்க்கட்சி இல்ல, வீட்டுக்குள்ள இருந்தவன் கத்துனதுதான்.

இலை_குமரன்:

வீட்டுக்குள்ளயா, வாடகை எவ்ளோ தோழர்? 2019 தேர்தல்ல திமுக உங்க ரெண்டு கம்யூனிஸ்ட் கட்சிக்கும் சேத்து 25 கோடி குடுத்துச்சே, திமுகவே தேர்தல் கமிஷன்ல கணக்கு காட்டினது.

செங்கொடி_சுந்தர்:

பேங்க் மூலமா வந்துச்சு, கணக்குல காட்டினோம், தேர்தல் செலவுக்கு. அது எனக்கும் உறுத்துனதுதான், இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா பேர் வெளிய தெரியாம கட்சிக்குக் காசு குடுத்தாங்களே, அந்த தேர்தல் பத்திரத்துல ஒத்த ரூவா வாங்கல, அத எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனதுல மார்க்சிஸ்ட் கட்சியும் உண்டு. இன்னொண்ணு, 2024ல சுங்குவார்சத்திரத்துல சாம்சங் தொழிலாளிங்க 37 நாள் ஸ்ட்ரைக் பண்ணி வெளிய நின்னாங்க. கேட்டது பிரதானமா ஒண்ணுதான், சங்கத்த அங்கீகரி. ஆரம்பிச்சப்ப முதல்வர் அமெரிக்காவுல முதலீடு தேடிக்கிட்டு இருந்தாரு, அப்புறம் பேச்சுவார்த்தைக்கு மந்திரிங்க வந்தாங்க, நடுவுல போலீஸ் வந்து பந்தலப் பிரிச்சுது. சங்கத்தப் பதிவு பண்ண ஹைகோர்ட் வரைக்கும் போக வேண்டியதாச்சு, 2025 ஜனவரிலதான் பதிவு நம்பர் கெடச்சுது.

கணக்குப்புள்ள:

பத்திரம்னு பேச்சு வந்ததால சொல்றேன். திமுக வாங்குனது மொத்தம் 656.5 கோடி, அதுல 509 கோடி ஒரே ஆளு, லாட்டரி மார்ட்டினோட ஃப்யூச்சர் கேமிங். தமிழ்நாட்டுல லாட்டரிய 2003லயே மூடியாச்சு, அப்பறம் என்ன பாசம்னு தெரியல. மேகா இன்ஜினியரிங் 105 கோடி. குடுத்தவன் பேர திமுக தானா வெளியிட்டுச்சு, அதுக்கு ஒரு மார்க் போடலாம். அதிமுகவுக்கு 6 கோடி சொச்சம்தான், கொள்கைனு நெனச்சிடாதீங்க குமரன், ஆட்சி போனா காசும் போயிடும். பாஜக 6,000 கோடிக்கு மேல, அது வேற லீக்.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. தோழர் சொன்ன அதே ஏப்ரல் 21, அதே சபைல இன்னொரு மசோதாவும் விவாதமே இல்லாம பாஸ் ஆச்சு, யாராச்சும் கவனிச்சீங்களா? நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) சட்டம். ஒரு திட்டத்துக்கு 100 ஹெக்டேருக்குக் குறையாம நிலம் வேணும்னா, அதுக்குள்ள ஏரி, ஓடை, வாய்க்கா இருந்தாலும் சேத்துக் குடுக்க வழி பண்ற சட்டம். எல்லாரும் 12 மணி நேரம் 12 மணி நேரம்னு கத்திக்கிட்டு இருந்தப்ப இது சத்தமில்லாம போயிடுச்சு. பல்கலைக்கழக மசோதாவெல்லாம் வருஷக்கணக்குல கிடப்புல போட்ட கவர்னர் இதுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டுட்டாரு. 2024 அக்டோபர்ல அமலுக்கும் வந்தாச்சு. ராஜ்பவனும் கோட்டையும் சண்டை போடாம ஒத்துப்போன விஷயம் எதுன்னு பாருங்க, எல்லாம் புரியும்.

மதுரை பக்கம் அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்த எதிர்த்து சட்டசபைல தீர்மானம் போட்டாங்க, நல்ல விஷயம், 2025 ஜனவரில ஏலமே ரத்தாச்சு. ஏலம் விட்டது டெல்லி, அதனால தீர்மானம் போடறது ஈஸி. பரந்தூருக்குப் போடச் சொல்லுங்க பாப்போம்.

வெண்மதி:

அண்ணா, நான் நாலு வருஷம் ஒரு போன் கம்பெனி லைன்ல நின்னவ, ஹாஸ்டல்ல ஒரு ரூமுக்கு பத்து பேரு, பாத்ரூமுக்கு ராத்திரி 2 மணிக்கே வரிசை. கட்சிய விடுங்க, தம்பி விஷயத்துக்கு வரேன். ஆறு மாச சம்பள ஸ்லிப்ப போன்ல போட்டோ எடுத்து வேற எங்கயாச்சும் ஏத்தி வைக்கச் சொல்லுங்க, எங்க ஹெச்ஆர் ஒரு தடவ போனையே வாங்கி வச்சிக்கிட்டாரு. பிஎஃப் பாஸ்புக்ல கான்ட்ராக்டர் பேரு என்னன்னு பாருங்க, மச்சான் பேருல இருக்காது, வேற ஏதாவது ஏஜென்சி பேரு இருக்கும், அதுதான் புகார்ல போடணும். தினமும் உள்ள போன நேரம், வெளிய வந்த நேரம் ஒரு நோட்டுல எழுதணும், பின்னாடி கேக்குறப்ப அது ஒண்ணுதான் நிக்கும். புகார ஒரு ஆளா குடுக்காதீங்க, அடுத்த நாளே வேன் நிக்காம போயிடும், எனக்கு அப்படித்தான் போச்சு. சங்கம் பதியணும்னா கையெழுத்துக்கு 7 பேர் போதும், ஆனா ஆலைல பத்து சதவீதமோ இல்ல 100 பேரோ, எது கம்மியோ அவ்வளவு பேராச்சும் உறுப்பினரா இருக்கணும். அது வரைக்கும் வாயத் தொறக்காம இருக்கறதுதான் கஷ்டம்.

செங்கொடி_சுந்தர்:

சரியாச் சொன்னீங்க தோழர். மூர்த்தி, இன்பாக்ஸ்க்கு வாங்க, ஸ்ரீபெரும்புதூர்ல ஆள் இருக்காங்க.

ஒரகடம்_மூர்த்தி:

குமரன், உங்க ஆட்சி வந்தா அந்த வேன் யாருகிட்ட போகும்னு மட்டும் சொல்லுங்க, நான் இப்பவே ஓட்ட மாத்திடறேன்.

அந்த நிலச் சட்டம் சத்தியமா எனக்குத் தெரியாது, கணக்கு சார். அப்பாகிட்ட படிச்சுக் காட்டுனேன், அவரு கண்ணாடியக் கழட்டி வச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் "மாமாகிட்ட போனது தப்புடா, நேரா மாவட்டச் செயலாளருக்கு எழுதியிருக்கணும்"னாரு. இன்னும் நம்புறாரு மனுஷன்.

வெண்மதி, நோட்டு நேத்தே வாங்கிக் குடுத்துட்டேன்மா, சின்னது, பாக்கெட்ல வைக்கிற சைஸு. வேன்ல 19 மஞ்சக் கயிறு இருக்காம், அதுல 11 பேர் பேசத் தயார்ங்குறான். ஆனா வேன்ல பேச முடியல, டிரைவர் மாமாவோட அக்கா பையன். பிள்ளையார் கோயில் பின்னாடி நின்னுதான் பேசிக்கிறாங்க, 4:20ல இருந்து 4:40 வரைக்கும்.