மறுமடல்: ‘அடைப்பு’ வேண்டாம், ‘வெளிமூச்சுத்தடை’ என்போமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

சிஓபிடி (COPD) என்ற, மூச்சுக்குழல்கள் குறுகி மூச்சு விடுவது கடினமாகும் நுரையீரல் நோய்க்குத் தமிழ்ச் சொல் கேட்டுத் தொடங்கிய இந்த இழையை முழுக்கப் படித்தேன். ‘நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்’ என்பது பழகிவிட்டது, அதைக் கலைக்க வேண்டாம் என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். பழகியது உண்மைதான். ஆனால் அந்த ‘அடைப்பு’ என்னை உறுத்துகிறது.

என் பெரியம்மாவுக்கு இந்த நோய் என்று தெரிந்த அன்று, பெரியப்பா மருத்துவரிடம் முதலில் கேட்டது இதுதான்: “இதயத்துக்கு வைப்பதுபோல ஸ்டென்ட் வைத்து அடைப்பை எடுத்துவிட முடியாதா?” அவர்மேல் குற்றமில்லை. சாக்கடையோ இரத்தக் குழாயோ, அடைப்பு என்றால் ஏதோ ஓரிடத்தில் சிக்கிக் கிடக்கிறது, குத்தி எடுத்தால் தீர்ந்தது என்றே நாம் நினைக்கிறோம். இந்த நோயில் அப்படி ஓரிடம் கிடையாது. 2 மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள எண்ணற்ற சிறு மூச்சுக்குழல்கள் சுவர் தடித்து, சளி கோத்து, குறுகிப்போகின்றன. காற்று சீராக ஓடும் குழலின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும்.

அதைவிட முக்கியம், காற்று எந்தப் பக்கம் போகும்போது தடைப்படுகிறது என்பது. மூச்சை இழுக்கும்போது மார்பு விரிகிறது. கூடவே குழல்களும் விரிகின்றன. விடும்போதுதான் சிக்கல். நுரையீரலின் காற்று நுண்ணறைச் சுவர்கள், பந்தல்காலை நாலாபுறமும் கட்டிய கயிறுபோலச் சிறுகுழல்களை இழுத்துப் பிடித்திருக்கின்றன. புகையால் அந்தச் சுவர்கள் சிதைந்தால், மூச்சை விடும்போது குழல்கள் ஒட்டிக்கொள்கின்றன. பழைய காற்று உள்ளேயே தங்கிவிடுகிறது; அடுத்த மூச்சுக்கு இடமில்லை. பெரியம்மா உதட்டைக் குவித்து மெல்ல ஊதியபடி மூச்சு விடப் பழகியது இதற்குத்தான். அப்படி ஊதும்போது குழல்களுக்குள் அழுத்தம் நின்று, அவை சட்டென்று மூடிக்கொள்வதில்லை.

நம் பேச்சு வழக்கு இதைச் சரியாகவே பிடித்திருக்கிறது. எவரும் ‘மூச்சு வாங்க முடியவில்லை’ என்று முறையிடுவதில்லை. ‘மூச்சு விட முடியவில்லை’ என்றுதான் சொல்கிறார்கள். (மூச்சு வாங்குவது வேறு சங்கதி, மாடி ஏறினால் எல்லோருக்கும் வாங்கும்.) எனவே என் பரிந்துரை ‘நாட்பட்ட வெளிமூச்சுத்தடை நோய்’. பாடநூலின் ‘வெளிச்சுவாசம்’ இருக்கிறதே என்பீர்கள்; ‘வெளிச்சுவாசத்தடை’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

சோதனையும் இந்தச் சொல்லுக்கே துணை நிற்கிறது. பெரியம்மா புகைபிடித்தவர் அல்லர். நாற்பது ஆண்டு விறகடுப்பில் ஊதுகுழலால் ஊதியவர். பரிசோதனை அறையில் அவர் கையில் இன்னொரு குழலைக் கொடுத்து, “ஊதுங்கள், இன்னும், இன்னும், விடாதீர்கள்” என்றார் அங்கிருந்த பெண். முதல் நொடியில் வெளியேறும் காற்று, மொத்தம் ஊதிய காற்றில் எவ்வளவு பங்கு என்று பார்க்கிறார்கள். மூச்சுக்குழலைத் தளர்த்தும் மருந்து கொடுத்த பிறகும் அது 0.70-க்குக் கீழே இருந்தால் சிஓபிடி என்று கொள்ள இடமுண்டு. ஆஸ்துமாவில் மருந்துக்குப் பின் பெரும்பாலும் நன்றாக ஏறிவிடும். ஆகவே ஆஸ்துமாவை ‘மீளும் வெளிமூச்சுத்தடை’ என்று பிரித்துச் சொல்லவும் இது வசதி. இந்தச் சோதனைக் கருவியான ஸ்பைரோமீட்டருக்கு ‘மூச்சுமானி’யைவிட ‘ஊதுமானி’ எனக்குப் பிடித்திருக்கிறது, அடம்பிடிக்க மாட்டேன்.

சால்பியூட்டமால், டயோட்ரோப்பியம் போன்ற மருந்துகளுக்கு ஒருவர் ‘குழல்விரிப்பான்’ என்றார். அவை குழலைச் சுற்றிய தசையின் இறுக்கத்தைத்தான் தளர்த்துகின்றன, ‘குழல்தளர்த்தி’ பொருந்தும். சிதைந்த சுவரை எந்த மருந்தும் திரும்பக் கட்டுவதில்லை. புகையை விடுவதும், மூச்சுப் பயிற்சியும், நடையும், தேவைப்பட்டால் ஆக்சிஜனும் சேர்ந்துதான் சிகிச்சை. இன்ஹேலர் இன்ஹேலராகவே இருக்கட்டும். மருந்துக்கடையில் போய் ‘உறிஞ்சி’ கேட்டால் என்ன கொடுப்பார்களோ!

நுண்ணறைச் சுவர்கள் இப்படிச் சிதைவதைக் குறிக்கும் எம்பைசீமாவுக்குத்தான் இன்னும் சொல் பிடிபடவில்லை. ‘நுரையீரல் உப்பல்’ எளிது, ஆனால் வயிற்று உப்பிசத்தை நினைவூட்டுகிறது. ‘நுண்ணறைச் சிதைவு’ துல்லியம், ஆனால் கேட்கும் நோயாளி பயந்துபோவார். இரண்டுக்கும் நடுவே ஒரு சொல் தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.