இரவில் ரசிக்கும் தோட்டம்: புதுப்பிப்பு

இருட்டிய பிறகு அமர்ந்து ரசிக்க ஒரு தோட்டத்தை எப்படி அமைப்பது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பெரும்பாலான வேலைகள் முடிந்துவிட்டன. மங்கிய ஒளியில் நிறங்களை உணரும் கண்ணின் கூம்புச் செல்கள் ஓய்ந்து, சிவப்பை அரிதாகவே உணரும் கோல் செல்களே பார்வையைத் தாங்குவதால், சிவப்புப் பூக்கள்தாம் முதலில் இருளில் மறைகின்றன; வெள்ளைப் பூக்களும் வெளிர்ந்த இலைகளும் நெடுநேரம் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆகவே செம்பருத்தியை ஓரமாக மாற்றிவிட்டு, அமரும் இடத்தைச் சுற்றி நந்தியாவட்டையை நட்டேன். மணத்துக்கு இரவுராணி ஒன்றே போதும். அதன் வாசனை மிகக் கடுமையானது என்பதால் சன்னலருகே வைக்கவே வேண்டாம். மாலையில் விரியும் அந்திமந்தாரையை நாடி அந்துப்பூச்சிகள் வருவது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. அவற்றின் பொருட்டே, அவற்றைத் தடுமாறச் செய்யும் நீலம் மிகுந்த வெண்ணொளியைத் தவிர்த்து, 2700 கெல்வினுக்கு (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு; குறையக் குறைய மஞ்சள் கூடும்) மிகாத மஞ்சள் விளக்குகளைத் தரைநோக்கிப் பொருத்தினேன். நடைபாதைக்கு வெளிர்நிறக் கற்கள் பதிக்கும் வேலை மட்டும் மீதமிருக்கிறது.