புதுப்பிப்பு: மகளின் துப்பறியும் கதை 'செய்தித்தாள்' ஒருவழியா முடிஞ்சுது

ஆறாம் வகுப்பு படிக்கும் மகள் 'எமிலும் துப்பறிவாளர்களும்'ங்கிற ஜெர்மன் சிறுவர் நாவலைச் செய்தித்தாள் மாதிரி எழுதித் தரணும், எங்கே ஆரம்பிக்கிறதுன்னு போன வாரம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. நேத்துதான் கொடுத்தாள்.

பெரிய சிக்கல் இதுதான்: செய்தின்னா முதல் வரியிலேயே முடிவைச் சொல்லணும், துப்பறியும் கதையில அதைச் சொன்னா கதை காலி. உங்கள்ல ஒருத்தர் சொன்னபடி ரெண்டு பதிப்பாப் பிரிச்சோம். முன்பக்கம் மாலைப் பதிப்பு. மயிலாப்பூர் பெட்டிக்கடையில தொங்குற போஸ்டர் கணக்கா கொட்டை எழுத்துல 'ஓடும் ரயிலில் துணிகரம்! தூங்கிய சிறுவனிடம் 140 மார்க் அபேஸ்!' (மார்க்னா அப்போதைய ஜெர்மன் பணம்.) பின்பக்கம் மறுநாள் காலைப் பதிப்பு: பெர்லின் வங்கியில திருடன் சிக்கினது, எமில் கோட்டுப் பையில பணத்தைக் குத்தி வச்ச ஊசியோட துளை நோட்டுல இருந்ததே சாட்சியானது, 1000 மார்க் பரிசு. துளைக்குன்னு தனிப் படம் போட்டு அம்புக்குறி வேற!

எனக்குப் பிடிச்சது வரி விளம்பரம்தான்: 'தேவை: ஹாரன் வைத்திருக்கும் பையன்கள். சம்பளம் கிடையாது.' (கதையில ஹாரனோட சுத்துற குஸ்தாவ்ங்கிற பையன்தான் திருடனைப் பிடிக்க மத்த பசங்களைத் திரட்டுவான்.)

பழுப்பு நிறத்துக்கு டிகாஷன் தடவினது என் யோசனை. சார்ட் அப்பளமாப் பொரிஞ்சிடுச்சு, இஸ்திரி போட்டு நிமிர்த்தினோம். அடுத்த தடவை தடவிக் காயவச்சுட்டுத்தான் எழுதணும்.

தாத்தா கண்ணாடி போட்டு முழுசும் படிச்சுட்டு, "பேப்பருக்கு விலை போடலையேடி?"ன்னார். கடைசி நிமிஷத்துல மூலையில எழுதினாள்: விலை 2 கடலை மிட்டாய்.